ஏழாவது கட்டம்

பங்குக் கோயிலின் இறப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒன்பது கட்டங்கள். வரிசை எண், இறந்த நாள், பெயர், வயது, தகப்பன் அல்லது துணையின் பெயர், இறப்பின் காரணம், சாகுமுன் எண்ணெய் பூசுதல் முதலான அருட்சாதனங்கள் பெற்றாரா என்பது, அடக்கம் செய்த இடம், கடைசியில் பங்குக் குருவின் கையொப்பம். பதினொரு வருடமாகப் பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவளுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவள் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், இறப்புப் பதிவேட்டில் மட்டும் முத்து முத்தாக விழும். செத்தவர்கள் யாரும் ஜன்னலில் நின்று அவசரப்படுத்துவதில்லையே என்பார், மணி அடித்துப் பீடம் துடைக்கும் கோயில்பிள்ளை.

தம்பியின் வரியையும் அவள்தான் எழுதினாள். அன்றைக்கும் எழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது. வயது இருபத்து நான்கு. காரணம், போரில் ஏற்பட்ட காயம். அடக்கம், படைவீரர் கல்லறைத் தோட்டம். எழுதி முடித்து மை உலர ஊதிவிட்டு, அடுத்து யாருக்கோ திருமணச் சான்றிதழ் எடுத்துக்கொடுத்தாள். அழுகை வரும் வரும் என்று வீட்டில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதுபோல இருந்தது. கன்னம் இருப்பது தெரியும், கன்னத்தில் ஒன்றும் தெரியாது.

அந்த வரியில் ஏழாவது கட்டம் மட்டும் இரண்டு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. அதை அப்படி விட்டதும் அவள்தான்.

இத்தனைக்கும் கடிதம் வந்திருந்தது. படைப்பிரிவின் ஆன்ம குரு தம் கைப்பட எழுதிய கடிதம். ‘தங்கள் மகன், பெயர் சொல்லி அழைத்தபோது பதிலளித்தார். நோயில்பூசுதல் பெற்றார். வேதனையின்றி, உறக்கத்திலேயே ஆண்டவரிடம் சென்றார்.’ அம்மா அதைத் தினமும் எடுத்துப் படித்தாள். அவள் படித்ததற்குக் காரணம் இருந்தது. சின்னவன் பதினெட்டு வயதில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு கோயில் பக்கம் போவதை நிறுத்தியவன். ஆறு வருடம் குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லை, பூசையில் நன்மை அப்பம் வாங்கவில்லை. அப்படியே பட்டாளத்துக்குப் போனான், அப்படியே முடிந்துபோனான். மகன் போன துக்கத்தைக்கூட ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அவன் எந்த நிலையில் போனான் என்பதிலேயே அம்மா நின்றுவிட்டாள்.

அந்தக் கடிதத்தை ஆதாரமாக வைத்து ‘பெற்றார்’ என்று எழுத, அப்போதிருந்த வயதான பங்குச் சாமி பேனாவைத் திறந்தார். அந்த வாரம்தான் தெருமுனைத் தையல்காரி தன் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் அதே படைப்பிரிவில் லாரி ஓட்டியவர், அதே நாளில் செத்தவர். அலுவலக மேசையில் இரண்டு கடிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ‘மகன்’ இருந்த இடத்தில் ‘கணவர்’. மற்றபடி ஒரு புள்ளி மாறவில்லை.

தையல்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெடிமேட் சட்டை, அக்கா. எல்லாருக்கும் ஒரே அளவு” என்றாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கணவரின் வரியில் சாமி ‘பெற்றார்’ என்று எழுதியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இவளால் அப்படி விட முடியவில்லை. ‘இவர் எனக்கு நன்கு அறிமுகமானவர், நன்னடத்தை உடையவர்’ என்று வருடத்துக்கு நூறு சான்றிதழ் தட்டச்சு செய்பவள் அவள். பெயரை மட்டும் மாற்றுவாள், சாமி தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவார். கோயில் மெழுகுவர்த்தித் தண்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கே ஒருமுறை அந்த நன்னடத்தை போயிருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி எழுதும் வாக்கியத்தின் பெறுமதி அவளுக்குத் தெரியும். அதை நம்பி ஏழாவது கட்டத்தை நிரப்பிவிட்டால் தம்பியின் கதை அத்தோடு மூடப்பட்டுவிடும். அவன் தனியாகக் கிடந்தானா, யாராவது பக்கத்தில் போனார்களா என்று பிறகு யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. “பொறுங்க சாமி, விசாரிச்சுட்டு எழுதலாம்” என்றாள். சாமி பேனாவை மூடினார். விசாரிக்க அவளுக்கு வழி தெரியவில்லை. வழி தெரியாமலே ஒன்றரை வருடம் போயிற்று. வயதான சாமி ஓய்வு இல்லத்துக்குப் போனார்.

புதிதாக வந்தவர் ஐம்பது வயதுக்காரர். முதல் நாள் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தூண்டில் முள் போல வளைந்த முதல் எழுத்து, அடியில் ஒரு கோடு. அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மை உலர ஊதினாள். வீட்டில் இருக்கும் கடிதத்தின் அடியிலும் அதே தூண்டில் முள்தான்.

ஒன்பது வருடம் பட்டாளத்தில் ஆன்ம குருவாக இருந்தவர் என்பது ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பட்டாளத்துச் சாமி என்று பெயரும் விழுந்தது. சாப்பாட்டை எட்டு நிமிடத்தில் முடிப்பார். எந்த அறையிலும் முதுகு சுவரைப் பார்த்திருக்கத்தான் உட்காருவார். ஜீப்பின் முன்பக்கத்தில் துணி விரித்துப் பூசை வைத்துப் பழகியவருக்குப் பெரிய பீடம் தோதுப்படவில்லை, எல்லாவற்றையும் ஒரு மூலையில் நெருக்கி வைத்துக்கொள்வார். பிரசங்கம் ஆறு நிமிடம். “பழைய சாமி பிரசங்கத்துல ரெண்டு தூக்கம் போடலாம். இவரு கொட்டாவி விட வாயத் திறக்கறதுக்குள்ள ஆமென் சொல்லிடறாரு” என்று கோயில்பிள்ளை குறைப்பட்டார்.

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அவரால் உட்கார முடியவில்லை. மூச்சு முட்டுகிறது என்றார். பட்டாளத்தில் நடந்துகொண்டேதான் கேட்பாராம். இங்கும் கோயில் வளாகத்தைச் சுற்றி நடந்தபடி கேட்டார், சொல்பவர்கள் பக்கத்தில் தலை குனிந்து நடந்தார்கள். முதலில் சிரித்த சனம் பிறகு வரிசையில் நின்றது. பாவமும் கரையும், சர்க்கரையும் குறையும், இதைவிட என்ன வேண்டும் என்பது கோயில்பிள்ளையின் கணக்கு.

அவள் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று இருந்துவிட்டாள். பதில் வராதவரை கேள்வி பத்திரமாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தாள். ஒரு மத்தியானம் அவள் தபால் போட்டுவிட்டுத் திரும்பியபோது, சாமி இறப்புப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். தம்பியின் பக்கம். அவள் வந்ததும் மூடி அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீர் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்.

சாமி வந்த ஏழாவது மாதம், ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கோயில்பிள்ளைக்கு முழங்கால் வலி, அதனால் எண்ணெய்ச் சிமிழ் பையை எடுத்துக்கொண்டு அவள் கூடப் போனாள். படுக்கையில் தபால்காரர் கண் மூடிக் கிடந்தார். மருமகள், இப்போதுதான் மூச்சு நின்ற மாதிரி இருந்தது, ஆனால் தெரியவில்லை என்றாள். சாமி குனிந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பொறுத்தார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை சற்று உரக்க. பதில் இல்லை. பிறகு கட்டைவிரலில் எண்ணெயைத் தொட்டு, “நீ உயிரோடிருந்தால்” என்று தணிந்த குரலில் ஆரம்பித்துச் செபத்தைச் சொன்னார். நெற்றியைத் தொடவில்லை. கைகளில் மட்டும் பூசினார்.

திரும்பி வரும் வழியில் அதென்ன வார்த்தை என்று கேட்டாள். இருக்கிறாரா போய்விட்டாரா என்று நிச்சயமில்லாதபோது அப்படித்தான் கொடுப்பது என்றார். செத்தவருக்கு அருட்சாதனம் இல்லை, அதனால் அந்த ‘இருந்தால்’. பதிவேட்டில் ‘நிபந்தனையுடன்’ என்று எழுதச் சொன்னார். பெற்றார், பெறவில்லை என்ற இரண்டைத்தான் அவள் இத்தனை வருடமும் எழுதியிருந்தாள். மூன்றாவது ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலுவலகத்தில் தபால்காரரின் வரியை எழுதி முடித்தாள். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி, தம்பியின் வரியைத் திறந்து, சாமியின் முன்னால் நகர்த்தி வைத்தாள். கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல எத எழுதறது, சாமி?”

அவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை. கடிதத்தையும் எடுக்கவில்லை. எழுந்து போய் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு வந்து, சுவரோரமாக உட்கார்ந்தார். தையல்காரியின் கடிதத்தைப் பற்றியும் அவள் சொன்னாள். ரெடிமேட் சட்டை என்பதையும் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

“நாப்பத்தோரு கடுதாசி. ஒரே மத்தியானத்துல எழுதினேன்.”

“அப்ப எல்லாம் பொய்யா?”

“நாப்பது.”

அவரே சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, திருமண அறிவிப்பு வாசிப்பதுபோல இருந்தது.

ஒரு தானியக் கிடங்கைத்தான் ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்களாம். மூட்டைகள் கிடந்த தரையில் ஆட்களை வரிசை வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். டாக்டர் ஒருவர், ஊசி போடக் கம்பவுண்டர் ஒருவன். சாமி சிமிழோடு வரிசை வரிசையாகப் போனார். ஒவ்வொருவரின் கழுத்தில் தொங்கிய பெயர்த் தகட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. ‘நீ உயிரோடிருந்தால்’ என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னார் என்று அவருக்கே தெரியாது. முகங்கள் ஒன்றும் நினைவில்லை என்றார். தகரக் கூரையில் ஒரு புறா நடந்துகொண்டே இருந்தது, அதன் கால் சத்தம் நினைவிருக்கிறது என்றார்.

பதில் சொன்னவன் ஒருவன்தான்.

“உங்க தம்பி. பேரச் சொன்னதும் ‘ம், இங்கதான்’னான். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸுக்குச் சொல்ற மாதிரி.”

பள்ளிக்கூடத்தில் அவன் அப்படித்தான் சொல்வான். ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லமாட்டேன் என்று அடி வாங்கியிருக்கிறான். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் மேசை தெரிந்தது, அவ்வளவுதான்.

“பாவசங்கீர்த்தனம் பண்ணினானா?”

“அதைப் பத்தி நான் பேசக்கூடாது. பண்ணினான்னும் சொல்லமாட்டேன், பண்ணலைன்னும் சொல்லமாட்டேன். அதுக்கு வெளியில பேசினது ஒண்ணுதான். பூட்ஸ் இறுக்குது, கழட்டுங்க சாமின்னான். கழட்டினேன். நெத்தியில பூசினேன், கையில பூசினேன். அடுத்த வரிசைக்குப் போயிட்டேன்.”

“அப்புறம்?”

அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார்.

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டால், போட்ட நேரத்தை ஆளின் நெற்றியிலேயே மார்க்கரால் எழுதிவிடுவார்களாம். காகிதம் தொலையும், நெற்றி தொலையாது. அந்த எழுத்து இருந்தால் மறுபடி போடக்கூடாது என்று அர்த்தம், போட்டால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். சாமிக்கு அது தெரியும், பட்டாளத்தில் பல வருடமாகப் பார்த்தது. ஆனால் நெற்றியில் சிலுவை போடுவதும் அவருக்கு இருபது வருடப் பழக்கம். கை தன்பாட்டுக்குப் போனது. எண்ணெய் பட்டால் மார்க்கர் கரையும். அவர் இரண்டாவது வரிசை முடிவில் இருந்தபோது கம்பவுண்டர் அந்தப் பக்கம் வந்தான், நெற்றி சுத்தமாக இருப்பதைப் பார்த்தான், இரண்டாவது ஊசியைப் போட்டான். சிறிது நேரம் கழித்துத்தான் சாமியின் கட்டைவிரல் கறுப்பாக இருப்பதை அவன் கவனித்தான்.

“டாக்டர்கிட்ட கேட்டேன். காயமே பெருசு, சாமி, எப்படியும் தாங்கியிருக்கமாட்டான்னாரு. ரெண்டாவது ஊசி இல்லேன்னா தாங்கியிருப்பானான்னு மறுபடி கேட்டேன். தெரியாதுன்னாரு. ரெண்டையும் சொன்னாரு. நானும் உங்ககிட்ட ரெண்டையும் சொல்றேன்.”

அவள் கடிதத்தைப் பார்த்தாள். பெயர் சொல்லி அழைத்தபோது பதிலளித்தார். நோயில்பூசுதல் பெற்றார். வேதனையின்றி, உறக்கத்திலேயே.

“முதல்ல எழுதினது உங்க வீட்டுக் கடுதாசி” என்றார் சாமி. “அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுக்கு மேல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. மிச்ச நாப்பதுக்கும் அதையே பார்த்து எழுதிட்டேன்.”

இரண்டு வருடமாக அவள் பொய் என்று வைத்திருந்த வாக்கியம் நிஜம். நிஜமாக இருந்ததன் காரணமும் அதற்குள்ளேயே இருந்தது. கோபம் வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். ஜன்னல் கம்பியில் வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் யாரோ பழைய பேப்பர் வாங்குபவன் கூவிக்கொண்டு போனான். கோபமும் வரவில்லை.

தையல்காரி வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டாள். தெரியவில்லை என்றார். வரிசையில் இருந்திருப்பார். ‘இருந்தால்’ என்று கொடுத்தவர்களில் ஒருவராக இருக்கலாம், துணி போட்டு மூடியிருந்தவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

படைப்பிரிவை விட்டதும் மறைமாவட்ட ஆயரிடம் அவர் கேட்டு வாங்கியது இந்தப் பங்கைத்தானாம். அந்தக் கடிதத்தின் உறையில் இருந்த விலாசம். வந்து ஏழு மாதமாகச் சொல்ல வாய் வரவில்லை. ஆறாவது கட்டத்தில் காரணத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால் தானே எழுதிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். மேலிடத்துக்கு எழுத வேண்டுமென்றாலும் எழுதுவாராம். பிறகு, “இன்னைக்கே வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்” என்றார்.

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“சொன்னா உங்களுக்குப் பாரம் இறங்கும், சாமி. அதை வாங்கி எங்க வீட்ல எங்க வைக்கிறது?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டே ரூம். ஒண்ணுல அவன் துணி இருக்கு.”

பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள். ஆறாவதைத் தொட வேண்டாம் என்றாள். ஏழாவதை மட்டும் எழுதச் சொன்னாள். அவர் ‘பெற்றார்’ என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் பெரிதாக, கட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. அவள் ஊதி உலர்த்தினாள். நாளைக்குக் காலைப் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எப்போதும் போல ஆறு மணிக்கு என்றார். இருவரும் எழுந்தார்கள்.

வீட்டில் அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் வழக்கம்போல, “எழுதியாச்சா?” என்றாள். இரண்டு வருடமாக ‘இல்லம்மா’ என்றே பதில் கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் மறுபடி முறத்தைப் பார்த்தாள்.

“எழுதியாச்சும்மா. பெற்றார்னு.”

அம்மாவின் கை நின்றது.

“யார் சொன்னா?”

“பட்டாளத்துச் சாமிதான். கடுதாசி போட்டது அவர்தான், இப்பத்தான் தெரிஞ்சுது. நேர்ல பார்த்தவரு. அவர் கூப்பிட்டப்ப ‘ம், இங்கதான்’னானாம்.”

அம்மா அதைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொன்னவன் வேறு யாராகவும் இருக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். பூட்ஸைக் கழற்றச் சொன்னதையும் இவள் சொன்னாள். எண்ணெய் பூசியதைச் சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டான், வலிக்கவில்லை என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு சத்தம் வர அழுதாள். இவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அழுது முடித்ததும் அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். செருப்பைத் தேடினாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“தையல்காரி வீட்டுக்கு. பாவம், கடுதாசி பொய்யின்னு அன்னைக்கு மடிச்சு வச்சவ இன்னும் பிரிக்கல. ரெண்டும் ஒரே கை எழுதினதுதானே. நம்மளுது நெஜம்னா அவளுதும் நெஜம்தானே.”

அவளுக்கு ‘வேண்டாம்மா’ என்று ஒரு வார்த்தை வந்தது. சொன்னால் ஏன் என்பாள் அம்மா. ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் தானியக் கிடங்கு மொத்தமும் இந்த வாசலுக்கு வந்துவிடும். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தாள்.

தையல்காரி மெஷினை நிறுத்தாமல்தான் கேட்டாள். பாதியில் கால் தானாக நின்றது. ஊசிக்கு அடியில் துணி அப்படியே இருந்தது. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தன் மகனுக்கு நடந்ததையும், நடந்திருக்கக்கூடியதையும் கலந்து, நேரில் பார்த்தவள் மாதிரிச் சொன்னாள். தையல்காரி அம்மாவைப் பார்க்கவில்லை. பின்னால் நிலைப்படியில் சாய்ந்து நின்ற இவளைத்தான் பார்த்தாள்.

“நீதான்க்கா அன்னைக்கு நம்பாதவ. நீ சொல்லு. எங்க வீட்டுக்காரரும் கூப்பிட்டப்ப பதில் சொன்னாராமா?”

“சொன்னாராம்” என்றாள்.